மாப்பிள்ளை வாயெடுத்தும் நிற்காத சத்தம்

தமிழ்ப் படத்தில் பேக்பைப் ஊதுகிறவர்கள் திரையில் வந்தால் ஒன்று நிச்சயம். யாரோ பெரிய போலீஸ் அதிகாரி செத்திருப்பார், பெட்டியின் மேல் கொடி போர்த்தியிருப்பார்கள். இல்லாவிட்டால் அரண்மனை மாதிரி ஒரு மண்டபத்தில் பணக்காரக் கல்யாணம் நடக்கும், அது கடைசி நிமிடத்தில் நின்று போகும். ஏழை வீட்டுக் கல்யாணத்தில் பேக்பைப் ஊதி நான் பார்த்ததில்லை. டிவி சீரியல் என்றால், வில்லி மாமியார் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறாள் என்று அர்த்தம்.

இது ஊர் உலகத்துக்கு. எங்கள் வீட்டில் டிவியில் பேக்பைப் வந்தால் எல்லோரும் படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அம்மா ரிமோட்டைத் தேடி எடுத்து சவுண்டைக் கூட்டுவார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். (சிரிக்கிறதுன்னா என் எதிர்லயே சிரிக்க வேண்டியதுதானே?)

எல்லாவற்றுக்கும் காரணம் நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் நிற்கும்போதே பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். நர்ஸ் ஊசி போட வந்தால் மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்கித் தேதி பார்ப்பேன். ரோட்டில் யாராவது வண்டியை நிறுத்தி "ஏறுங்க சார், விட்டுடறேன்" என்றால், "எதுக்கு?" என்று கேட்பேன். நெய்வேலி டவுன்ஷிப்பின் வேகாத வெயிலில் இப்படிக் கேட்டு, நடந்தே வீடு வந்து சேர்ந்த நாட்கள் நிறைய.

இதில் கொடுமை என்னவென்றால், ஒருமுறை என் சந்தேகம் பலித்துவிட்டது. என் தங்கை தேவகிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய புதிது. எங்கள் டவுன்ஷிப்பில் ஜாதகத்தைவிடப் பெரிய வார்த்தை ஒன்று உண்டு, பர்மனென்ட். வந்த பையன் சுரங்கத்தில் பர்மனென்ட் என்றான். "குவார்ட்டர்ஸ் எந்த பிளாக்குல?" என்றேன். ஃபேனைப் பார்த்தான். "எந்த ஷிப்டு இப்போ?" என்றேன். காபியைப் பார்த்தான். விசாரித்ததில் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் என்றே சொல்லியிருந்தால் அப்பா மறுபேச்சு பேசாமல் பெண்ணைக் கொடுத்திருப்பார், ஏனென்றால் அவரே அப்படி உள்ளே நுழைந்தவர்தான். "வேல எதுவா வேணாலும் இருக்கட்டும்டா. பொய் சொல்றவன் வேணாம்" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து மாப்பிள்ளைகளைச் சோதிக்கும் இலாகா என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கையைக் காட்டினால்தான் அப்பா தலையாட்டுவார்.

அப்போது நான் கம்ப்ரசர் ஹவுசில் டெக்னீஷியன். (இப்போதும் அங்கேதான். இந்தக் கதைக்குப் பிறகும் என்னை மாற்றவில்லை என்பது ஆச்சரியம்தான்.) கம்ப்ரசர் என்ற மிஷின் காற்றை அழுத்தி ரிசீவர் என்கிற பெரிய தொட்டியில் அடைக்கும். அங்கிருந்து அது குழாய் வழியாகப் போய் வால்வுகளைத் திறக்கும், மூடும். புதிதாக வரும் அப்ரண்டிஸ்களுக்குப் பாடம் எடுப்பதும் நான்தான். "கம்ப்ரசர் நின்னாலும் லைன்ல காத்து நிக்காது. ஏன், சொல்லு பாப்போம்" என்று புருவத்தை உயர்த்திக் கேட்பேன். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்ததால்தான் இவ்வளவும்.

ஞானவேலின் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர் ஒரு புரோக்கர். பையனுக்கு ஊர் சேத்தியாத்தோப்பு, தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் பேண்டு மாஸ்டர் வேலை. "சாதாரண பையன் இல்லீங்க. சினிமாவுல, டிவியில எல்லாம் பேக்பைப் வாசிச்சவரு" என்றார் புரோக்கர். தேவகி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். அதுவரை வந்த ஏழெட்டு வரன்களுக்கும் "அப்பா இஷ்டம்" என்றவள், இதற்கு மட்டும் "எனக்குச் சம்மதம்" என்றாள். அதுவும் போட்டோவைப் பார்க்காமலே! எனக்கு அப்போதே மூக்கு வேர்த்திருக்க வேண்டும். வேர்த்தது, ஆனால் தப்பான திசையில்.

பையனுக்குப் போன் போட்டேன்.

"சினிமாவுல பேக்பைப் வாசிச்சிருக்கீங்களாமே?"

"வந்திருக்கேங்க."

"இல்ல, வாசிச்சிருக்கீங்களான்னு கேட்டேன்."

"ரெண்டு படத்துல வந்திருக்கேங்க. ஒரு சீரியல்லயும் வந்தேங்க."

நான் எதைக் கேட்கிறேன், இவன் எதைச் சொல்கிறான்! போனை வைத்துவிட்டு, அவன் பேர் சொன்ன படத்தை வீட்டு டிவியில் போட்டுவிட்டேன். அதே அரண்மனை மண்டபம், அதே பணக்காரக் கல்யாணம். கட்டம் போட்ட பாவாடையும் இறகு வைத்த தொப்பியுமாக நாலு பேர் வரிசையாக வந்தார்கள்.

"மூணாவது ஆளு" என்றாள் தேவகி, யாரும் கேட்காமலே.

அம்மாவுக்கு வேறு கவலை வந்துவிட்டது. "ஏண்டா பாஸ்கரு, மாப்ள ஏன் பாவாட கட்டிகினு நிக்கிறாரு?"

"அது ஸ்காட்லாந்து டிரெஸ்சும்மா."

"எந்த லேண்டா இருந்தா என்னா? நாளைக்கு இவ பாவாடையும் அவுரு பாவாடையும் ஒரே கொடியிலயா காயும்?"

நான் பாவாடையைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதாநாயகன் மண்டபத்துக்குள் நுழையும் இடத்தில், மூன்றாவது ஆள் ஊதுகுழலிலிருந்து வாயை எடுத்துவிட்டான். முகத்தைக் கோணினான். திரும்ப வாயை வைத்தான். ஆனால் சத்தம்? அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது! நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். மறுபடியும் போட்டேன். வாய் இல்லை, சத்தம் இருக்கிறது.

"மாட்டினான்டா!" என்று தொடையைத் தட்டினேன். "ஊதாமயே சத்தம் வருது பாருங்க. புல்லாங்குழல்ல வாய எடுத்தா சத்தம் வருமா? நாதஸ்வரத்துல வருமா? இவன் டூப்பு. இவனுக்கு வாசிக்கவே தெரியாது. அதான் போன்ல 'வந்திருக்கேன், வந்திருக்கேன்'னு நழுவுனான்."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது. "பேண்டு மாஸ்டர்னு பொய் சொல்லி வேலை பாக்கறானா? அப்ப இது வேணாம்" என்றார்.

தேவகி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது என் தட்டில் சாதத்தை வைத்த வேகத்தில் பாதி தரையில் விழுந்தது. "அண்ணா, எனக்கு முப்பது நெருங்குது. இத்தன நாள் நீ தட்டிக் கழிச்சதுக்கெல்லாம் நான் ஒரு வார்த்த பேசல. இத மட்டும் கெடுத்தேன்னா, ஆயுசுக்கும் உங்கிட்ட பேச மாட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சுருக்கென்றிருந்தது. ஆனாலும் தங்கச்சியை ஏமாற்றுக்காரனிடம் தள்ளிவிட முடியுமா? எனக்குப் பெருமை வேறு, அண்ணன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று.

நேரிலேயே ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்து, சோதனைக்கு நாள் குறித்தேன். எங்கள் பக்கம் சம்பந்தம் ஒத்துக்கொண்டால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்பார்கள். அதுவரை காபியோடு சரி. கை நனைத்துவிட்டால் பின்வாங்க முடியாது. அதனால் கை நனைக்கும் முன்பே வாசிக்கச் சொல்வது, வாசிக்கத் தெரியாமல் முழித்தால் இலையைச் சுருட்டிவிடுவது என்பது திட்டம். "வரும்போது பேக்பைப்ப எடுத்துட்டு வாங்க. எங்க வீட்டுப் பிள்ளைங்க பாக்கணும்னு ஒரே அடம்" என்று போனில் சொன்னேன். (எங்கள் வீட்டில் அன்றைக்குப் பிள்ளைகளே கிடையாது.)

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். ஞானவேல், அவன் அம்மா, கடா மீசையோடு தாய்மாமன். ஞானவேல் கையில் கறுப்புப் பெட்டி. ஆள் ஒல்லி. இவன் ஊதினால் பலூன்கூட உப்பாது என்று நினைத்தேன். உள்ளே வடை, சாம்பார், பாயசம் எல்லாம் தயாராக வாசனை அடித்துக்கொண்டிருந்தது. ஹாலின் ஓரத்தில் இலை விரித்தாகிவிட்டது. அம்மா பாயசக் குண்டானை இலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு" என்றேன், பல்லைக் காட்டி.

ஞானவேல் தயங்கினான். "வூட்டுக்குள்ள வாணாங்க. சத்தம் ஜாஸ்தியா இருக்கும். வெளியில போயி வாசிக்கட்டுங்களா?"

நழுவுகிறான்! "வெளியில வேணாம். பக்கத்து வீட்டுக்காரரு நைட் ஷிப்டு முடிச்சுத் தூங்கறாரு" என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் நானே சாத்தினேன். குவார்ட்டர்ஸ் ஹால் எவ்வளவு பெரிசு என்று குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது.

அவன் பெட்டியைத் திறந்து, பேக்பைப்பின் பையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழல்களைத் தோளில் சாய்த்து, ஊதினான்.

அடேயப்பா! அது சத்தமில்லை, இடி. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஆடின. அம்மா காதைப் பொத்திக்கொண்டு சாமி படத்தைப் பார்த்தார். அப்பா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என் காதுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அப்படியும் என் மூளை அசரவில்லை. ஒல்லிக் குச்சியான இந்த ஆளிடமிருந்து இத்தனை சத்தமா? பைக்குள் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது! போனை எடுத்துத் தேடினேன். ஏதோ ஒரு ஸ்பீக்கரின் பெயர் பளிச்சென்று வந்தது. (அது பக்கத்து வீட்டுப் பையனுடையது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.)

அந்த நேரம் பார்த்து ஞானவேல் ஊதுகுழலிலிருந்து வாயை எடுத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னும் வாசிக்கட்டுங்களா?" என்று கேட்கவும் செய்தான். சத்தம் நிற்கவே இல்லை.

"புடிச்சேன்!" என்று பாய்ந்து அவன் கக்கத்துக்குள் கையை விட்டேன், ஸ்பீக்கரை உருவி எடுக்க.

கக்கத்தில் கை வைத்தால் யாருக்குத்தான் கூசாது? அவன் துள்ளினான். முழங்கை பையை நசுக்கியது. அறுபடுகிற பன்றிகூட அப்படிக் கத்தாது. அவன் பின்னால் சாய, நான் மேலே விழ, வாசிக்கும் குழல் பாயசத்துக்குள் இறங்க, ஹால் முழுக்க முந்திரியும் சேமியாவும் பறந்தன. தாய்மாமனின் மீசையில் ஒரு திராட்சை ஒட்டிக்கொண்டது. பை கடைசிக் காற்றை விட்டு முனகி அடங்கியது.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. அம்மா திறந்தார். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா தலைவிரிகோலமாக நின்றார். அவர் பின்னால் தூக்கக் கலக்கத்தில் கைலியை இறுக்கியபடி அவர் கணவர். அவருக்கும் பின்னால் பிளாக்கில் பாதிப் பேர்.

"அக்கா! மாமா போய்ட்டாராக்கா! காலையில கூட பேப்பர் படிச்சுகினு இருந்தாரே!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார் சரோஜா அக்கா.

"நான் இங்கதாம்மா உக்காந்திருக்கேன்" என்றார் அப்பா.

அக்கா திடுக்கிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லீங்க மாமா… இந்தச் சத்தம் கேட்டுதா… நேத்து சீரியல்ல எஸ்.பி. செத்ததுக்கு இதேதான் ஊதுனாங்க."

ஞானவேலின் தாய்மாமன் எழுந்து நின்றார். மீசையிலிருந்து திராட்சையை எடுத்தார். "ஓகோ. பாட்டு கேக்கறேன்னு கூப்ட்டு வச்சி எங்க பையன சோதன போடறீங்களா? ஞானவேலு, பையி எடு. இந்த வூட்ல தண்ணிகூட வாணாம்."

ஞானவேலின் அம்மாவும் எழுந்துவிட்டார். என் அம்மா கையைப் பிசைந்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. "கிளம்பட்டும்பா! வாய எடுத்தப்புறமும் எப்படிச் சத்தம் வந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்பட்டும்!" என்றேன், கையில் பாயசம் வழிய.

அடுப்படியிலிருந்து தேவகி வந்தாள். கையில் கரண்டி. அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

"நீ எங்கண்ணா வேல பாக்கற?"

"கம்ப்ரசர் ஹவுஸ்ல. அதுக்கென்ன?"

"கம்ப்ரசர் நின்னா லைன்ல காத்து நிக்குமா?"

"நிக்காது."

"ஏன்?"

"ரிசீவர் டேங்க்ல இருந்து…" என்று அப்ரண்டிஸுக்குச் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தேன். பாதியில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"அந்தப் பை எதுக்கு இருக்குன்னு நெனச்ச? மார்க்கெட்டு போயி காய்கறி வாங்கவா? அதுதான் ரிசீவர்! ஊதி அதுல ரொப்பிட்டு, கையால அமுக்கி வாசிக்கறாங்க. எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல கிரவுண்டச் சுத்தி வந்து வாசிச்சாரு. நடுநடுவுல வாய எடுத்து 'டேய், லைன்ல நில்லுங்கடா'ன்னு பசங்கள அதட்டிகிட்டே வாசிச்சாரு. நானே பாத்தேன்!"

வாசலில் நின்ற பிளாக் மொத்தமும் உள்ளே எட்டிப் பார்த்தது.

"நீ எப்போ பாத்த?" என்றார் அப்பா.

தேவகி கரண்டியைப் பார்த்தாள். ஞானவேல் கூரையைப் பார்த்தான். இவ்வளவு நாளும் அவள் ஏன் வாயைத் திறக்காமல் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்தேன் என்று சொன்னால், எங்கே, எப்போது, எத்தனை முறை என்றெல்லாம் அப்பா கேட்பாரே.

ஞானவேல்தான் முன்னால் வந்தான். சட்டையெல்லாம் பாயசம். "மாமா, உக்காருங்க. அவரு சந்தேகப்பட்டதுல பாதி சரிதான்" என்றான் மீசைக்காரரிடம். பிறகு அப்பா பக்கம் திரும்பினான். "சினிமாவுல நான் வாசிக்கலீங்க. அங்க சத்தம் போட்டா ஹீரோ வசனம் கேக்காதுன்னு குழல்ல சத்தம் குடுக்கற எங்க சீவாளியெல்லாம் கழட்டி வாங்கி வச்சுக்கிட்டாங்க. சும்மா கன்னத்த உப்பிகினு நடந்தோம். சத்தம் அப்புறமா கீபோர்டுல சேத்ததுங்க. வாய எடுத்தது, தும்மல் வந்துது, அதான். அதனாலதான் வந்தேன், வந்தேன்னு சொன்னேன். வாசிச்சேன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க. அது புரோக்கர் சொன்னது."

நான் அப்பாவைப் பார்த்தேன், பார்த்தீர்களா நான் சொன்னது சரியாகிவிட்டது என்று. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் நீ கெட்டிக்காரன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இதச் சொல்லாமயே வுட்டிருக்கலாமேப்பா" என்றார்.

"கேட்டாரு இல்லீங்களா, எப்படிச் சத்தம் வந்துச்சுன்னு. அதான் சொன்னேன்."

அப்பா எழுந்துபோய் அவன் தோளில் ஒட்டியிருந்த சேமியாவைத் தட்டிவிட்டார். "கையக் கழுவிட்டு வாங்க மாப்ள" என்றார். எங்கள் வீட்டில் அவர் யாரையும் அதுவரை மாப்ள என்று கூப்பிட்டதில்லை. தேவகி கரண்டியோடு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். உள்ளே அவள் அழுவதும் சிரிப்பதும் சேர்ந்து கேட்டது.

ஆனால் மாமா உட்காரவில்லை. "மாப்ள கை நனைக்கட்டும். நான் நனைக்கணும்னா ஒண்ணு நடக்கணும்" என்று என்னைச் சுட்டினார். "இவரு ஊதணும். இப்பவே. வெளியில வந்து."

தங்கச்சி கல்யாணம். என்ன செய்ய? பிளாக் மொத்தமும் சுற்றி நிற்க, வாசலில் வைத்துப் பாயசப் பிசுக்குள்ள அந்தப் பேக்பைப்பை ஞானவேல் என் கக்கத்தில் மாட்டிவிட்டான். ஊதினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஊதினேன். கண் பிதுங்கியது. மூன்றாவது தடவை, ஒரு எருமைக் கன்று கிணற்றுக்குள் விழுந்து கூப்பிட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் பயந்து வாயை எடுத்துவிட்டேன். அப்போதும் அது நிற்கவில்லை. பிளாக் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. நைட் ஷிப்டுக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மாமா கண்ணீரைத் துடைத்தபடி, "கைக்கு எங்க தண்ணி?" என்றார்.

தேவகி ஜன்னலில் நின்று முழுவதையும் போனில் எடுத்தது எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மந்தாரக்குப்பம் பக்கத்து கேபிள் டிவியில் மணமக்களுக்கு வாழ்த்து ஓடியது. மாலையோடு இருவர் போட்டோ. அதற்கடுத்து, "மணமகளின் அன்பு அண்ணன்" என்ற எழுத்தோடு நான். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, ஒரிஜினல் சவுண்டோடு. காலை, மதியம், மாலை என்று ஒரு வாரம் ஓட்டினார்கள்.

அடுத்து என் முறை வந்தது. பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அண்ணன் எதிரில் உட்கார்ந்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. காபி டம்ளரில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"கேபிள்ல ஒரு பையிய வச்சிகினு ஊதுனது நீங்கதானுங்களே?" என்றார்.

"ஆமாங்க."

"அந்தச் சத்தம் மனுசன் போட்ட மாதிரி இல்லீங்களே. வேற எதுனா சேத்துப் போட்டதுங்களா?"

என் இரண்டு பக்கமும் தேவகியும் மாப்பிள்ளையும் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா மோட்டுவளையைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றேன். "சவுண்டும் என்னுதுதாங்க."

உள் ரூமிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு வெடித்து வந்தது. அவளைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் டிவியில் பேக்பைப்போடு நாலு பேர் வரிசையாக வந்தால், அம்மா சவுண்டைக் கூட்ட, அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும். "ஏங்க, அவுரு வந்திருக்காரா, வாசிச்சிருக்காரா?"

 என் கண் அந்த மூன்றாவது ஆளின் வாயைத்தான் பார்க்கும்.